தங்கையின் மருத்துவச் சீட்டில் எழுதிய ‘பெனிசிலின் அலர்ஜி’ சரிதானா?

தப்பாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கோத்தகிரியில் பல் பிடுங்கிய மறுநாள் உதடு வீங்கி மூன்று நாள் நின்றது, அரிப்பும் தடிப்பும் இல்லை, மாத்திரையே போடாத நாளிலும் கை வீங்கியிருக்கிறது என்கிறீர்கள். பரம்பரை ஆஞ்சியோஎடீமா (குடும்பவழியில் வரும், உடம்பில் அங்கங்கே திடீரென வீங்கும் நோய்) அப்படித்தான் வரும். பல் பிடுங்குவதே வீக்கத்தைக் கிளப்பும். பழி கூடவே கொடுத்த, பெனிசிலின் வகை மருந்தான அமாக்ஸிசிலின் மேல் விழுந்துவிடும்.

ரத்தத்தில் சி4 என்ற புரதத்தின் அளவைப் பாருங்கள். அப்புறம் சி1 இன்ஹிபிட்டர் என்ற புரதத்தின் அளவு, செயல்பாடு இரண்டும். அளவு நார்மல் என்றதும் விட்டுவிடாதீர்கள். செயல்பாடு மட்டும் குறைகிற வகையும் இருக்கிறது. குடும்பத்தில் யாருக்காவது காரணம் தெரியாத வீக்கமோ அடிக்கடி கடும் வயிற்றுவலியோ உண்டா என்றும் விசாரியுங்கள்.

வீட்டில் மாத்திரை கொடுத்துச் சோதிக்கவே வேண்டாம். உண்மையான அலர்ஜியும் சேர்ந்தே இருக்கலாம். சீட்டிலிருந்து ‘பெனிசிலின் அலர்ஜி’யை நீக்குவது அலர்ஜி மருத்துவர் வேலை. இந்த நோய் உறுதியானால் எனாலாப்ரில், ராமிப்ரில் ஆகிய ரத்த அழுத்த மாத்திரைகளையும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உள்ள மாத்திரைகளையும் தவிர்க்க வேண்டும். இவற்றைத் தவிர்ப்பது அலர்ஜியால் இல்லை, அதனால் காரணத்தோடு தனியாக எழுதி வாங்குங்கள்.

குரல் கம்மினாலோ விழுங்க முடியாவிட்டாலோ அவில் (அலர்ஜி மாத்திரை) போட்டுக் காத்திருக்காதீர்கள். இந்த வீக்கம் அதற்குக் கேட்காது. மேட்டுப்பாளையம் இறங்கிப் போய்ப் பார்க்கலாம் என்றும் கிளம்பாதீர்கள். மலைப்பாதையில் தொண்டை அடைத்தால் வழியில் யாரும் இல்லை. மேலேயே, மூச்சு விடத் தொண்டைக்குள் குழாய் போடக்கூடிய பக்கத்து மருத்துவமனைக்கு முதலில் போங்கள்.