உப்புச்சப்பு

கேள்வி: குஜராத்தின் புவியியல், வரலாறு, பொருளாதாரம், பண்பாடு நான்கையும் ஒரு பக்கத்துக்குள் சொல்ல முடியுமா? போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மகளுக்காகக் கேட்கிறேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன், உப்புச்சப்பில்லாமல் இருக்கிறது.
– ஒரு வாசகர், பரமக்குடி

பதில்: வேறு எந்த மாநிலத்துக்கு அந்தச் சொல்லைப் போட்டிருந்தாலும் விட்டிருப்பேன். குஜராத்துக்கா போடுவீர்கள்? இந்தியாவில் விளையும் உப்பில் முக்கால் பங்குக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறது. தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் என்று நம் உப்பளங்களை எல்லாம் சேர்த்தாலும் நமக்கு இரண்டாமிடம்தான், அதுவும் வெகு தூரம் தள்ளி. குஜராத்தியில் உப்புக்கு என்ன பெயர் தெரியுமா? ‘மீட்டு’. அதே சொல்லுக்கு இனிப்பானது என்றும் பொருள். துவாரகைப் பக்கம் மீட்டாப்பூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரை நம்பி மிட்டாய்க் கடையைத் தேடாதீர்கள், உப்பளமும் சலவைச் சோடா ஆலையும்தான் நிற்கும். உப்பையே இனிப்பு என்று கூப்பிடுகிற மக்களின் கதையை உப்புச்சப்பில்லாமல் எழுத ஒரு பாடநூலால் முடிகிறது என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

புத்தகத்தில் கடற்கரை 1,600 கி.மீ. என்று போட்டிருக்கும். மகளைத் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள். மத்திய அரசின் பழைய கணக்கில் அது 1,214 கி.மீ.தான். அண்மையில் மறுபடி அளந்தபோது 2,340 கி.மீ. வந்தது. நாட்டின் மொத்தக் கடற்கரையே 7,516 கி.மீ.யிலிருந்து 11,098 ஆகிவிட்டது. அளக்கிற கோல் சின்னதானதுதான் காரணம். பெரிய கோல் வளைவு நெளிவுகளைத் தாண்டிக் குதித்துவிடும். சின்னக் கோல் ஒவ்வொரு கழிமுகத்துக்குள்ளும் நுழைந்து, ஒவ்வொரு தீவையும் சுற்றி வரும். கட்ச் வளைகுடா, காம்பாத் வளைகுடா என்று இரண்டு வாய் பிளந்த கரை அது, நுழைய நுழைய நீளும். காம்பாத்தில் ஓதம் பத்து மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அந்த ஏற்றத்தில்தான் அலங் கரையில் பழைய கப்பல்களை ஓட்டிவந்து தரை தட்ட வைத்து உடைக்கிறார்கள், 1983லிருந்து.

அளப்பது என்றதும் என் பழைய சண்டை நினைவுக்கு வந்துவிட்டது. ‘தரிசு’ என்ற சொல்லோடு இதே பக்கத்தில் மூன்று முறை மோதியிருக்கிறேன். நெல் விளையாவிட்டால் தரிசு என்று எழுதிவிடுகிறார்கள். உப்பு விளைந்தால் அது விளைச்சல் இல்லையா? கட்ச் சிறு ரண் என்ற உவர்நிலச் சமவெளி ஏறக்குறைய 5,000 சதுர கி.மீ. மழைக்காலத்தில் ஆற்று நீரும் வளைகுடா நீரும் ஏறி ஒரே தண்ணீர்க்காடு, அப்போது அங்கே இறால் பிடிக்கிறார்கள். வடிந்ததும் வெடித்த களிமண். 1973லிருந்து அது காட்டுக்கழுதைச் சரணாலயம். வருவாய்த் துறை வழக்கில் அந்த நிலத்துக்கு என்ன பெயர் தெரியுமா? சர்வே எண் பூஜ்யம். கடற்கரையின் நெளிவைக்கூட விடாமல் அளக்கிற நாட்டில், தலைமுறை தலைமுறையாக உப்பெடுக்கிறவர்கள் காலூன்றிய நிலம் பூஜ்யம்!

அந்த மக்கள் அகரியா. ‘அகர்’ என்றால் உப்பளம். மழைநீர் வடிந்ததும் குடும்பத்தோடு ரண்ணுக்குள் போய்விடுவார்கள், திரும்புவது கோடையில். கடல் பல மைல் தள்ளி இருக்கிறது, அவர்கள் எடுப்பது நிலத்தடி உவர்நீர். கிணறு தோண்டி, டீசல் எஞ்சினால் இறைத்து, இப்போது பல இடங்களில் சூரிய மின்சாரத்தால் இறைத்து, பாத்தி பாத்தியாகக் காய்ச்சுகிறார்கள். பாத்தியைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும், நம் தூத்துக்குடியில் மிதிப்பதைப் போல. ரண் ஓரத்து ஊரான கராகோடா பக்கம் நான் போயிருந்தபோது ஒரு பெரியவர் பல் வைத்த மரக்கோலால் பாத்தியைக் கீறிக்கொண்டிருந்தார். தினமும் கீறினால்தான் மணி பெரிதாகும் என்றார். கரையேறி உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிக் காட்டினார். தோல் என்று சொல்ல முடியாது, காய்ந்த வண்டல் மாதிரி பாளம் பாளமாக இருந்தது. அகரியா இறந்தால் உடல் எரியும், பாதம் எரியாது என்பார்கள் அங்கே. எரியாத பாதங்களை உப்போடு சேர்த்துத் தனியாகப் புதைப்பார்களாம். இதை அவர் சாதாரணமாகச் சொன்னார். நான் அன்று இரவு சாப்பிடவில்லை.

இத்தனைக்கும் அவர்களுக்குக் கிடைப்பது டன்னுக்குச் சில நூறு ரூபாய். பருவத் தொடக்கத்தில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள், விலையையும் அவரே சொல்வார்.

வரலாறு கேட்டீர்கள். 1930இல் காந்தி 78 பேரோடு சபர்மதியிலிருந்து சுமார் 385 கி.மீ. நடந்து ஏப்ரல் 6 அன்று தண்டியில் உப்பெடுத்தார். அதே ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து கிளம்பிய ராஜாஜி, 30ஆம் தேதி வேதாரண்யத்தில் அள்ளினார். இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். வீரம்காம் இருக்கிறதா பாருங்கள். காத்தியவார் (இன்றைய சௌராஷ்டிரப் பகுதி) சமஸ்தானங்களிலிருந்து பிரிட்டிஷ் எல்லைக்குள் வருகிறவர்களை அங்கே சுங்கச்சாவடியில் மறித்துப் பாடாய்ப் படுத்தினார்கள். 1915இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தியிடம், வத்வான் ரயில் நிலையத்தில் மோதிலால் என்ற தையல்காரர் இந்த அநியாயத்தைச் சொன்னார். காந்தி விடாமல் பேசி, 1917இல் அந்தச் சாவடியை எடுக்க வைத்தார். தண்டிக்கு முன்பே அவருக்குப் பாடம் எடுத்தவர் ஒரு தையல்காரர். பதில் எழுதும் தாளில் அந்தப் பெயர் வந்தால் நான் முழு மதிப்பெண் போடுவேன்.

பொருளாதாரத்துக்கு ஆனந்த் என்ற ஊர் போதும். 1946இல் கேடா மாவட்டப் பால்காரர்கள் திரிபுவன்தாஸ் படேலின் தலைமையில் அங்கே கூட்டுறவு தொடங்கினார்கள், அதுதான் அமுல். 1949இல் அங்கே வந்து சேர்ந்த வர்கீஸ் குரியன் கோழிக்கோட்டில் பிறந்தவர், லயோலாவிலும் கிண்டியிலும் படித்தவர். புத்தம் புதுப் பாலில் அமுல் எடுத்த முதல் வெண்ணெய், பழைய வெண்ணெய்க்குப் பழகிய நாக்குகளுக்குச் சப்பென்று இருந்ததால், பிறகு உப்பும் நிறமும் சேர்த்தார்கள். அந்த உப்பைக் கொடுத்த மாநிலத்திலேயே உப்புக்காரனுக்கு இன்னும் ஓர் ஆனந்த் அமையவில்லை. பால்காரர் தன் பாலுக்கு விலை பேச முடிகிறது, அகரியாவால் முடியவில்லை. எனக்கு இது பொறுக்கவில்லை.

பண்பாட்டுக்கு நீங்கள் குஜராத் வரை போக வேண்டாம். பரமக்குடியில் இருக்கிறீர்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் அங்கிருந்து பட்டுத் தறியோடு கிளம்பி, வழியில் மராத்தியும் தெலுங்கும் கன்னடமும் ஒட்டிக்கொண்ட மொழியோடு மதுரைக்கும் உங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்த சௌராஷ்டிரர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். நாளைக் காலை மகளை ஒரு தறி வீட்டுக்கு அனுப்புங்கள். உப்புக்கு அவர்கள் வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு, அந்தச் சொல்லை எனக்கு ஒரு கார்டில் எழுதிப் போடச் சொல்லுங்கள்.