14 மணி நேரம் உட்கார்ந்து போக: அம்மாவின் பையில் என்ன இருக்க வேண்டும்?

கேள்வி: நாங்கள் தண்டையார்பேட்டை. அக்காவின் பிரசவத்துக்காக அம்மா முதல் முறையாக அமெரிக்கா போகிறார். துபாய் வழியாக நியூயார்க், தனிப் பயணம். வயது 62, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். போன தடவை வெளியூர் பஸ்ஸில் இரவு முழுக்க உட்கார்ந்து வந்ததற்கே கால் வீங்கிவிட்டது. விமானத்துக்கு என்னென்ன எடுத்து வைப்பது? அக்கா காசிமேட்டுக் கருவாடு வேறு கேட்கிறாள், கொண்டு போக விடுவார்களா?

பதில்: சென்னையிலிருந்து துபாய் 4 மணி நேரத்துச் சொச்சம். அதை எப்படியும் சமாளித்துவிடலாம். அங்கிருந்து நியூயார்க் போக ஏறக்குறைய 14 மணி நேரம் ஆகும். அதற்காகத்தான் பை கட்ட வேண்டும்.

எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, அந்தப் பையை மேலே இருக்கும் லாக்கரில் ஏற்றிவிடுவார்கள். பக்கத்தில் இரண்டு பேர் தூங்கும்போது அவர்களை எழுப்பி, பையை இறக்கி, மாத்திரை எடுக்க நம் அம்மாக்களுக்கு மனசு வராது. அதனால் முன் சீட்டுக்கு அடியில் நுழைகிற மாதிரி ஒரு சின்னத் துணிப்பை தனியாகக் கட்டுங்கள். ஏறும்வரை அது கேபின் பைக்குள்ளேயே இருக்கட்டும். பல நிறுவனங்களில் கேபின் பைக்கு 7 கிலோதான் கணக்கு, இரண்டும் சேர்ந்து அதற்குள் அடங்க வேண்டும். உட்கார்ந்ததும் துணிப்பையை மட்டும் வெளியே எடுத்தால் போதும். சீட்டும் நடைபாதை ஓரமாகப் பார்த்துப் போடுங்கள். வீல்சேர் உதவியை டிக்கெட் போடும்போதே பதிந்துவிட்டால் துபாயில் அடுத்த கேட் தேடி அலைய வேண்டாம்.

இனி கால். மணிக்கணக்கில் முழங்காலை மடக்கி அசையாமல் இருந்தால் கெண்டைக்கால் தசை வேலை செய்யாது, ரத்தம் கீழேயே தங்கும். வீக்கம் அதனால்தான். சிலருக்கு ரத்தம் உறைந்து கட்டியாகும் அபாயமும் உண்டு. சர்ஜிக்கல் கடையில் முழங்காலுக்குக் கீழ் வரை வரும் கம்ப்ரெஷன் ஸ்டாக்கிங்ஸ் (காலை இறுக்கிப் பிடிக்கும் நீள சாக்ஸ்), 15 முதல் 20 mmHg வரை அழுத்தம் உள்ளது, கேளுங்கள். செருப்பு சைஸ் சொல்லி வாங்கக் கூடாது. காலையில் எழுந்ததும், வீக்கம் ஏறுவதற்கு முன், கணுக்கால் சுற்றளவையும் கெண்டைக்கால் சுற்றளவையும் டேப்பால் அளந்து கொண்டு போங்கள். சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் ரத்த ஓட்டம் குறைந்திருந்தாலோ மரத்துப்போயிருந்தாலோ இதைப் போடுவதே கெடுதல். எனவே முதலில் டாக்டர் பாதத்தைப் பார்த்துச் சரி என்று சொல்லட்டும்.

போடும் முறையும் முக்கியம். சாக்ஸை குதிகால் வரை உள்வெளியாகத் திருப்பி, பாதத்தை நுழைத்து, குதிகால் குழி சரியாகப் பொருந்திய பிறகே மேலே இழுக்க வேண்டும். முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே நிற்கட்டும். நீளமாக இருக்கிறதென்று மேல் ஓரத்தைச் சுருட்டிவிட்டால், அந்தச் சுருளே ரப்பர் பேண்ட் மாதிரி இறுக்கும். ஷூ வேண்டாம். பட்டை வைத்துத் தளர்த்தக்கூடிய செருப்பு போதும்.

மாத்திரைகள் செக்-இன் பெட்டிக்குப் போகவே கூடாது. பெட்டி துபாயில் தங்கிவிட்டால் மருந்தும் அங்கேதான். அட்டையோடு, மருந்தின் பொதுப்பெயர் எழுதிய சீட்டோடு துணிப்பையில் வையுங்கள். டிரமடால், கோடீன் கலந்த வலி மாத்திரைகளுக்கு அமீரகத்தில் கட்டுப்பாடு உண்டு. அவை இருந்தால் டாக்டரிடம் மாற்று கேளுங்கள். நியூயார்க் நம்மைவிட கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் பின்னால் இருப்பதால் அன்றைய பகல் நீண்டுகொண்டே போகும். எந்த மாத்திரை எப்போது என்பதை இந்திய நேரப்படி டாக்டரிடமே எழுதி வாங்குங்கள், அம்மாவின் கைக்கடிகாரத்தை இறங்கும்வரை மாற்ற வேண்டாம். சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரையை, தட்டு கண்முன் வந்த பிறகு போடுவது பாதுகாப்பு. விமானம் குலுங்கினால் சாப்பாடு தாமதமாகும், சர்க்கரை இறங்கிவிடும். அப்படி இறங்கினால் 3 டீஸ்பூன் சர்க்கரை அல்லது 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. குளுக்கோமீட்டரும் கையருகில் இருக்கட்டும்.

டயபெட்டிக் மீல் வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அது நம் வாய்க்குப் பிடிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பொடி தடவிய இட்லி நான்கைந்து கட்டிக் கொடுங்கள். சட்னியும் தயிரும் திரவக் கணக்கில் வரும், சோதனையில் நிறுத்துவார்கள். ஊறுகாயும் அப்படித்தான். தேங்காயெண்ணெய், கிரீம் எதுவானாலும் 100 மி.லி.க்கு மேற்படாத புட்டியில்தான். விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டிருக்கும், எனவே உதட்டுக்கும் மூக்கு ஓரத்துக்கும் வாஸ்லின் வேண்டும். தண்ணீர் பாட்டிலைக் காலியாகக் கொண்டு போய், சோதனை தாண்டியதும் நிரப்பிக்கொள்ளலாம்.

கழுத்துத் தலையணையை முழுதாக ஊதினால் தலையை முன்னுக்குத் தள்ளும், முக்கால் பங்கு ஊதினால் போதும். அதைவிட, மடித்த சால்வையை இடுப்புக்குப் பின்னால் வைப்பது அதிக சுகம். குளிருக்குப் பழைய கைலி ஒன்று போதும், எடையே இருக்காது. உடை சுடிதாராக இருக்கட்டும், விமானக் கழிவறையில் புடவையோடு திரும்பக்கூட இடமில்லை.

பர்மா பஜாரில் பவர் பேங்க் வாங்கினால் மேலே வாட்-ஹவர் (Wh, எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்ற அளவு) அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். 100 வரை பிரச்சினையில்லை. 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74. எழுத்து இல்லாததையும் அழிந்ததையும் எடுத்துவிடுவார்கள். எந்தப் பவர் பேங்கையும் செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது.

கருவாடு போகும். சொந்த உபயோகத்துக்கான மீன் வகைக்கு அமெரிக்காவில் தடையில்லை. ஆனால் கஸ்டம்ஸில் மறைக்காமல் சொல்ல வேண்டும். நெத்திலியை இன்னும் ஒரு வெயில் காயவைத்து, செய்தித்தாளில் சுற்றி, இரண்டு ஜிப் கவரில் போட்டு, எவர்சில்வர் டப்பாவில் மூடி செக்-இன் பெட்டியில் வையுங்கள். பச்சைக் கறிவேப்பிலையும் இறைச்சியும் கூடாது. கசகசாவுக்கு அமீரகத்தில் தடை, அதையும் எடுக்க வேண்டாம்.

விடிகாலை விமானமென்றால் நள்ளிரவுக்கு முன்பே கிளம்ப வேண்டியிருக்கும். திரும்பி வர உங்களுக்கு மெட்ரோ இருக்காது, காரை இரண்டு பக்கத்துக்கும் பேசிவிடுங்கள். அந்த நேரத்துக்குள் அம்மாவின் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். கிளம்ப அரை மணி நேரம் முன்பு படுக்க வைத்து, காலுக்கு அடியில் இரண்டு தலையணை கொடுத்து, வீக்கம் வடிந்த பிறகு ஸ்டாக்கிங்ஸை மாட்டுங்கள்.