ஒரு மெஷினில் இருக்கும் ஃபைல் இன்னொன்றில் இல்லை: மவுண்ட் தகராறு, கேள்வி பதில்

தஞ்சாவூரில் 15 வருடமாக சர்வர், ஸ்டோரேஜ் வேலைதான். சுற்றுப்பக்கத்து ஊர்களிலிருந்து இந்த வாரம் வந்த கேள்விகள் முக்கால்வாசி ஒரே ரகம் என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன். மவுண்ட் என்றால் வேறோர் இடத்தில் இருக்கும் ஸ்டோரேஜை நம் மெஷினில் ஒரு ஃபோல்டராக இணைப்பது. என்எஃப்எஸ் என்பது நெட்வொர்க் வழியாக அப்படிப் பகிரும் முறை. சேர்ந்து ஒரே ஸ்டோரேஜாக வேலை செய்யும் சர்வர் கூட்டம் கிளஸ்டர், அதில் ஒவ்வொன்றும் ஒரு நோடு.

கும்பகோணம்: அண்ணே, கல்யாண வீடியோ எடிட்டிங் ஸ்டூடியோ. ஸ்டோரேஜில் மூணு நோடு, எடிட்டிங் மெஷினும் மூணு, எல்லாம் லினக்ஸ், என்எஃப்எஸ் மவுண்ட். முதல் மெஷினில் சேவ் பண்ணினால் இரண்டாவதில் ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் தெரியுது, மூணாவதில் வரவே இல்லை. கிளஸ்டரே கெட்டுப்போச்சா?

ரெண்டும் ரெண்டு வியாதி. தாமதமாகத் தெரிவது வியாதியே இல்லை, என்எஃப்எஸ் அப்படித்தான். ஃபைலின் அளவு, தேதி போன்ற விவரங்களை ஒவ்வொரு மெஷினும் தன் கேஷில் (தற்காலிக நினைவில்) கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளும். லினக்ஸில் நாம் எதுவும் மாற்றாவிட்டால் ஃபைலுக்கு 3 முதல் 60 விநாடி, ஃபோல்டருக்கு 30 முதல் 60 விநாடி. மேட்டூரில் திறந்தவுடன் கடைமடையில் தண்ணீர் இல்லையே என்று யாரும் பதறுவதில்லை, இதுவும் அந்தக் கதைதான். அவசரம் என்றால் மவுண்ட் ஆப்ஷனில் ஆக்டிமியோவை (இந்தக் கேஷ் நேரத்தை) 3 விநாடி என்று வையுங்கள். இந்தக் கேஷையே நிறுத்திவிடும் நோஏசி மட்டும் வேண்டாம், ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் சர்வரிடம் ஓடி, எழுதுவதும் உடனுக்குடன் சர்வருக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்றாகி, டைம்லைன் நகராமல் நின்றுவிடும். ஒருவர் ஃபைலை மூடிய பிறகு இன்னொருவர் திறந்தால் புதியது கிடைக்கும், அதுவரைக்கும்தான் உத்தரவாதம். ஒரே ப்ராஜெக்டை ரெண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருந்தால் அது உங்கள் பாடு.

மூன்றாவது மெஷின் வேறு கதை. எது எங்கே மவுண்ட் ஆகியிருக்கிறது என்று காட்டும் ஃபைண்ட்எம்என்டி கமாண்டை மூன்றிலும் ஓட்டி, சோர்ஸ் என்ற நெடுவரிசையில் என்ன வருகிறது என்று எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுவிட்டு வாருங்கள்.

மன்னார்குடி: கரண்ட் போய் வந்தால் ஒரு மெஷினில் மட்டும் ஃபோல்டர் காலியா இருக்கு சார். ரீபூட் பண்ணினால் சரியாகுது.

இதில் நானே கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். ஓர் ஐப்பசி மழை ராத்திரி கரண்ட் போய் வந்தபோது பேக்கப் மெஷின் சட்டென்று எழுந்துவிட்டது, ஸ்டோரேஜ் நோடுகள் எழ ஐந்து நிமிடம் ஆனது. மவுண்ட் தோற்றது. எஃப்எஸ்டேபில் (பூட் ஆகும்போது எதையெல்லாம் மவுண்ட் செய்ய வேண்டும் என்ற பட்டியல்) நோஃபெயில் (மவுண்ட் தோற்றாலும் பூட் நிற்க வேண்டாம்) என்று போட்டு வைத்திருந்த புண்ணியவான் நான்தான், அதனால் மெஷினும் சத்தமில்லாமல் பூட் ஆகிவிட்டது. பேக்கப் ஸ்கிரிப்டுக்கு என்ன தெரியும், காலி ஃபோல்டரில் நாலு நாள் எழுதித் தள்ளியது, அது மெஷினின் சொந்த டிஸ்க். நான் வந்து கையால் மவுண்ட் செய்ததும் அந்த நாலு நாள் ஃபைல்களும் மவுண்டுக்கு அடியில் மறைந்துவிட்டன. டிஸ்க் 100 சதவீதம் என்கிறது, எங்கே தேடினாலும் ஒன்றுமில்லை. ரூட் ஃபோல்டரை வேறோர் இடத்தில் பைண்ட் மவுண்ட் செய்து (இன்னொரு ஃபோல்டராகவும் தெரியும்படி இணைத்து) உள்ளே எட்டிப் பார்த்த பிறகுதான் அகப்பட்டது.

அன்றிலிருந்து, மவுண்ட் ஆகாத நிலையில் இருக்கும் காலி ஃபோல்டருக்கு ‘சேட்டர் +ஐ’ (யாரும் மாற்ற முடியாதபடி பூட்டும் கமாண்ட்) போட்டுவிடுவேன். மவுண்ட் இல்லையென்றால் ரூட் யூசரால்கூட அதில் எழுத முடியாது, ஸ்கிரிப்ட் கத்தும். கத்தட்டும். எஃப்எஸ்டேபில் நெட்டெவ் (நெட்வொர்க் வேண்டிய மவுண்ட் என்று சொல்வது), கூடவே சிஸ்டம்டி ஆட்டோமவுண்ட் இரண்டையும் சேருங்கள். பூட் ஆகும்போது இல்லாமல், யாராவது ஃபோல்டரைத் தொடும்போது மவுண்ட் ஆகும்.

மயிலாடுதுறை, கல்லூரி லேப்: ஒரே ஃபைலுக்கு ஒவ்வொரு மெஷினிலும் வேறு வேறு ஓனர் பெயர் காட்டுதே?

சாதாரண என்எஃப்எஸ் அமைப்பில் அனுமதி பார்ப்பது யூஐடி நம்பரை (ஒவ்வொரு யூசருக்கும் மெஷின் தரும் எண்) வைத்துத்தான், பெயரை வைத்து இல்லை. ஒரு மெஷினில் 1001 ஒரு மாணவர், இன்னொன்றில் 1001 வேறொருவர். எல்டாப் (எல்லா மெஷினுக்கும் பொதுவான யூசர் பட்டியல்) வையுங்கள், இல்லையென்றால் நம்பரையாவது ஒரே மாதிரி ஆக்குங்கள்.

திருவாரூர்: நோடு விழுந்தால் கமாண்ட் எல்லாம் அப்படியே தொங்குது. சாஃப்ட் மவுண்ட் போடச் சொல்றாங்க, போடலாமா?

எழுதும் டேட்டா இருக்கிற இடத்தில் போடாதீர்கள். சாஃப்ட் கொஞ்ச நேரம் முயன்றுவிட்டு அப்ளிகேஷனிடம் எரர் என்று சொல்லிவிடும், அதைக் கவனிக்காத அப்ளிகேஷன் அரைகுறை ஃபைலை விட்டுவிட்டுப் போய்விடும். தொங்குவது எரிச்சல்தான், ஆனால் டேட்டா பிழைக்கும்.

நாகப்பட்டினம்: குளஸ்டர்எஃப்எஸ் (பல நோடின் டிஸ்கை ஒன்றாகச் சேர்க்கும் ஸ்டோரேஜ்), ரெண்டு நோடு, ரெண்டு காப்பி. நடுவில் நெட்வொர்க் விட்டுவிட்டுப் போனது. இப்போ ஒரு ஃபைலைத் திறந்தால் இன்புட் அவுட்புட் எரர்.

ஸ்ப்ளிட் பிரெயின் மாதிரி தெரிகிறது. தொடர்பு அறுந்த நேரத்தில் ரெண்டு பக்கமும் தனித்தனியாக எழுதியிருந்தால், எது உண்மை என்று அதற்கே தெரியாது. ஹீல் இன்ஃபோ கமாண்டில் ஸ்ப்ளிட் பிரெயின் பட்டியலைப் பாருங்கள். பெரிய ஃபைல், கடைசியாக மாறிய ஃபைல், இன்ன பிரிக்கில் (ஒரு நோடில் டேட்டா இருக்கும் ஃபோல்டர்) உள்ளது என்று மூன்று விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். கடைசியாக மாறியதை நம்புவதற்கு முன் ரெண்டு நோடின் கடிகாரமும் ஒத்துப்போகிறதா என்று, நேரத்தைச் சரிசெய்யும் குரோனியில் பாருங்கள். பிரிக் ஃபோல்டருக்குள் நேராகப் போய் காப்பி பேஸ்ட் செய்யும் ஆசை வரும், வேண்டாம். அப்புறம் மறுபடி இப்படி ஆகாமல் இருக்க ஓர் ஆர்பிட்டர் (சாட்சியாக நிற்கும் மூன்றாவது நோடு) சேர்த்துவிடுங்கள், ஃபைல் பெயரும் விவரமும் மட்டும்தான் அதில் இருக்கும் என்பதால் பழைய மெஷின், சின்ன டிஸ்க் போதும்.

கும்பகோணம் (மறுபடி): அண்ணே, பார்த்தேன். மூணிலும் சர்வர் பெயர் ஒண்ணுதான். ஆனா மூணாவதில் ஐபி வேற. அதன் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்ற பட்டியல்) போன வருஷத்து பழைய ஸ்டோரேஜ் பெட்டியின் ஐபி இருக்கு. அந்தப் பெட்டி இன்னும் மாடியில ஓடிக்கிட்டிருக்கு!

அப்படியென்றால் அந்த வரியை இப்போதே அழிக்காதீர்கள் தம்பி. மூன்றாவது மெஷினில் உட்கார்ந்தவர் இத்தனை நாள் எடிட் செய்தது முழுக்க மாடியில்தான் இருக்கும். முதலில் அதைத் தனி ஃபோல்டராக புது ஸ்டோரேஜுக்கு இழுத்துவிட்டு, பிறகு வரியை எடுத்து, அன்மவுண்ட் செய்து மறுபடி மவுண்ட் செய்யுங்கள். பெட்டியை ஆஃப் பண்ணினாலும் அதிலுள்ள டிஸ்கை ஒரு மாதமாவது அழிக்க வேண்டாம், எந்த வீட்டுத் தாலி கட்டும் காட்சி அதில் மாட்டிக்கொண்டிருக்கிறதோ.