இளம் வெள்ளை பர்கண்டி: இப்போதே குடிப்பதா, வைத்திருப்பதா?

கேள்வி: 2022 மெர்சோ பிரமியே க்ரூ ஆறு பாட்டில் வாங்கினேன். ஒன்றைத் திறந்ததும் தீக்குச்சி உரசிய வாடை. கெட்டுவிட்டதா? மீதியை எவ்வளவு நாள் வைக்கலாம்?

கெடவில்லை. மெர்சோ, பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் உள்ள ஊர்; பிரமியே க்ரூ என்றால் அங்கே இரண்டாவது உயர்ந்த தரத் தோட்டம். அங்கே வெள்ளை வைன் ஷார்டனே என்ற திராட்சையில் செய்வது. அந்த வைனை ஈஸ்ட் வண்டலோடு, காற்று அதிகம் படாமல் பீப்பாயில் வைத்திருக்கும்போது உருவாகும் கந்தகச் சேர்மங்களின் வாசம் அது. மெர்சோ, பக்கத்து ஊரான புலினி பக்கம் சிலர் அதை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். எனக்கும் பிடிக்கும், லேசாக இருந்தால். அழுகிய முட்டை நாற்றம் என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

அடுத்த முறை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றாதீர்கள். 12 டிகிரி சுமாருக்கு வரட்டும், அகலமான கிளாஸில் அரை மணி நேரம் இருக்கட்டும். வெனிலா, வெண்ணெய் வாசனையைப் பார்த்து மயங்க வேண்டாம். முதலாவது புது ஓக் பீப்பாய் தருவது; இரண்டாவது, மாலிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாறும்போது வருவது. வைத்திருக்கத் தகுந்ததா என்று சொல்வது புளிப்பும், விழுங்கிய பிறகு ருசி எவ்வளவு நேரம் வாயில் நிற்கிறது என்பதும்தான். பாதி பாட்டிலை மூடி மறுநாள் குடித்துப் பாருங்கள். நான் இளம் பர்கண்டியை எடைபோடுவது இரண்டாம் நாளில்தான். அன்று இன்னும் நன்றாக இருந்தால் தைரியமாக வைக்கலாம். வெட்டிவைத்த ஆப்பிள் வாசம் வந்துவிட்டால் சீக்கிரம் முடித்துவிடுங்கள்.

ஆனால் இருபது வருடக் கனவெல்லாம் வேண்டாம். 1990களின் நடுப்பகுதியிலிருந்து வந்த வெள்ளை பர்கண்டிகளில் பல, பத்து வருடம்கூடத் தாங்காமல் பழுப்பேறி, ஷெர்ரி என்ற ஸ்பெயின் வைன் மாதிரி மணந்தன. கார்க், வைன் கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தகத்தைக் குறைத்தது, திராட்சை பிழியும் விதம் என்று பலவற்றைக் குற்றம் சொன்னார்கள். ஒரே காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. அதன்பின் பல தயாரிப்பாளர்கள் கார்க் துகள்களைச் சுத்தம் செய்து அழுத்திச் செய்யும் டியாம் கார்க்குக்கு மாறினார்கள். இப்போது நிலைமை தேவலை, ஆனாலும் என் பயம் போகவில்லை. 2022 வெயில் காய்ந்த வருடம், பழம் நன்றாகப் பழுத்தது. உங்கள் வைனை 2027இலிருந்து 2032க்குள் குடித்துவிடுவேன். இதுவே பர்கண்டியின் தெற்கிலிருந்து வரும் சாதாரண மாக்கோன் என்றால் வைக்கவே மாட்டேன்.

நிலவறை எனக்கும் இல்லை, சின்ன வைன் ஃப்ரிட்ஜ்தான். 12-13 டிகிரி, ஏறி இறங்காமல், இருட்டில், படுக்கவைத்து. அதுவும் இல்லையென்றால் ஓரிரு வருடத்தில் காலி செய்யுங்கள்.

அப்புறம், ஒரே பெட்டியில் ஒன்று கெட்டிருக்கும், பக்கத்து பாட்டில் பளிச்சென்று இருக்கும். வருடம் ஒருமுறை எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நிறம் அதிகம் ஏறியிருப்பதை முதலில் திறங்கள்.