ஏஜென்ட் வைத்த போலி ஸ்டேட்மென்ட்: எனக்கு 10 ஆண்டுத் தடையா?

கேள்வி: பிரிட்டனில் முதுகலை படிக்க இடம் கிடைத்தது. ஏஜென்ட் ஒருவர் மூலம் ஸ்டூடன்ட் விசாவுக்கு விண்ணப்பித்தேன். அப்பாவின் கணக்கில் பணம் போட்டு அப்போது 12 நாள்தான் ஆகியிருந்தது. “28 நாள் காட்டணும், நான் அரேஞ்ச் பண்ணிடறேன்” என்று சொல்லி, அதற்கென்று தனியாகப் பணம் வாங்கி ரசீதும் கொடுத்தார் ஏஜென்ட். இப்போது விசா மறுக்கப்பட்டுவிட்டது. நாங்கள் கணக்கே வைத்திராத ஒரு வங்கியின் ஸ்டேட்மென்ட் என் விண்ணப்பத்தில் இருந்ததாம். அப்படியொரு கணக்கு இல்லை என்று அந்த வங்கி பதில் சொல்லிவிட்டதாம். 10 ஆண்டுத் தடை என்றும் கடிதத்தில் இருக்கிறது. அது வந்து 9 நாள் ஆகிறது. புது பாஸ்போர்ட் எடுத்து மறுபடி போடலாம், இல்லையென்றால் கனடாவுக்குப் போடலாம், பழைய மறுப்பைச் சொல்லத் தேவையில்லை என்கிறார் ஏஜென்ட். நான் என்ன செய்வது?

பதில்: உங்களுக்கு இன்னும் 19 நாள் இருக்கிறது. நிர்வாக மறுஆய்வு, அதாவது அட்மினிஸ்ட்ரேட்டிவ் ரிவ்யூ கேட்க, வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தவருக்கு மறுப்புக் கடிதம் கிடைத்ததிலிருந்து 28 நாள் அவகாசம். ஆன்லைனிலேயே கேட்கலாம், கட்டணம் 80 பவுண்டு. ஸ்டூடன்ட் விசா மறுப்புக்கு மேல்முறையீடு என்று தனியாக எதுவும் இல்லாததால் இதுதான் உங்கள் முதல் வழி. இது முடியும்வரை ஏஜென்ட் சொல்வதுபோல வேறொரு பிரிட்டன் விசாவுக்கு விண்ணப்பித்துவிடாதீர்கள். புது விண்ணப்பம் போட்ட உடனே மறுஆய்வு ரத்தாகிவிடும்.

உங்கள் மீதான குற்றச்சாட்டை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். விண்ணப்பத்தில் போலி ஆவணம் இருந்தால், அது விண்ணப்பதாரருக்குத் தெரியாமல் வைக்கப்பட்டதாக இருந்தாலும் விசாவை மறுக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அதோடு போராடுவது கடினம். ஆனால் 10 ஆண்டுத் தடை அப்படியல்ல. விண்ணப்பதாரர் ஏமாற்றினார் என்ற முடிவுக்கு அதிகாரி வந்திருக்க வேண்டும். நீங்கள் தெரிந்தே செய்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று காட்ட வேண்டிய பொறுப்பும் அவருடையதுதான். ஆகவே உங்கள் மறுஆய்வு மனுவின் முழு பலமும் ஒரே கேள்வியில் இருக்கிறது: அந்த ஸ்டேட்மென்ட் போலி என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

இந்த இடத்தில் உங்களிடம் நேராகவே கேட்கிறேன். “அரேஞ்ச் பண்ணிடறேன்” என்று அவர் சொன்னபோது நீங்கள் என்ன புரிந்துகொண்டீர்கள்? வேறு யாருடைய பணத்தையோ கொஞ்ச நாள் கணக்கில் போட்டு ‘ஃபண்ட் காட்டுவது’ என்றா? கல்விக் கடன் வாங்கித் தருவார் என்றா? இல்லை, ஏதோ ஒரு காகிதம் தயாராகும் என்று உள்ளுக்குள் தெரிந்தும் கேட்காமல் விட்டுவிட்டீர்களா? உங்கள் கையில் இருக்கும் ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் ‘கல்விக் கடன் செயலாக்கம்’ என்று எழுதியிருந்தால் அது உங்களுக்குச் சாட்சி. ‘ஃபண்ட் அரேஞ்ச்மென்ட்’ என்று மட்டும் இருந்தால், அந்த இரண்டு சொல்லை வைத்தே அதிகாரி உங்களை மடக்குவார். அதை மறைத்து மனு எழுதுவதைவிட, அந்தத் தொகை எதற்கென்று உங்களிடம் சொல்லப்பட்டது, நீங்கள் எதை நம்பிக் கொடுத்தீர்கள் என்று விளக்கி எழுதுவதே நல்லது. ஒருவேளை தெரிந்துதான் கொடுத்தீர்கள் என்றால், தெரியாது என்று எழுதித் தரும் வக்கீலைத் தேடாதீர்கள். அது இரண்டாவது பொய்யாகும், அதற்கு நீங்களே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்.

உண்மையிலேயே தெரியாது என்றால், அதைக் காட்ட உங்களிடம் நிறையவே இருக்கும். ஏஜென்ட்டுடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடலை ஒரு செய்திகூட அழிக்காமல் முழுதாக எக்ஸ்போர்ட் செய்துவையுங்கள். விசா விண்ணப்பத்துக்கான ஆன்லைன் கணக்கை எந்த மின்னஞ்சல் முகவரியில் திறந்தார் என்று பாருங்கள். அவர் உருவாக்கிய முகவரியாக இருந்து, அனுப்பும் முன் முழு விண்ணப்பமும் உங்கள் கண்ணில் படவே இல்லை என்றால் அது முக்கியமான உண்மை. அப்பாவின் அசல் ஸ்டேட்மென்ட்டை வங்கி முத்திரையுடன் வாங்குங்கள். தேவையான பணம் உங்கள் குடும்பத்திடம் நிஜமாகவே இருந்தது, நாள்தான் போதவில்லை என்பதை அது காட்டும். ஏஜென்ட் மீது காவல்துறையில் மோசடிப் புகார் கொடுத்து அதன் நகலையும் சேர்த்துவிடுங்கள்.

சாதாரணமாக மறுஆய்வில் புது ஆவணங்களைப் பார்க்க மாட்டார்கள். ஆனால் போலி ஆவணம், ஏமாற்று என்ற காரணத்தில் மறுத்திருந்தால், அந்த முடிவு தவறு என்று காட்டப் புதிய ஆதாரம் கொடுக்கலாம். இந்த விதிவிலக்கை மனுவில் குறிப்பிட்டே கேளுங்கள். உங்கள் பக்கம் என்ன என்று கேட்காமலே நேர்மையற்றவர் என்று முடிவு கட்டியிருந்தால், அதையும் ஒரு வாதமாக வைக்கலாம். இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் பாலாஜிகரி வழக்கில், நேர்மையின்மைக் குற்றச்சாட்டை முதலில் விண்ணப்பதாரரிடம் சொல்லி அவர் பதிலைக் கேட்க வேண்டும் என்றது. அது ஏற்கெனவே அந்த நாட்டுக்குள் இருந்தவர்களைப் பற்றிய வழக்கு என்பதால், உங்கள் விஷயத்தில் அப்படியே பொருந்தும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

அப்புறம், வங்கியிடம் யார், என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்பதற்கு ஒரு சரிபார்ப்பு அறிக்கை இருக்கும். பிரிட்டனின் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி உங்களைப் பற்றிய பதிவுகளின் நகலை உள்துறை அமைச்சகத்திடம் இலவசமாகக் கேட்கலாம். பதில் தர ஒரு மாத அவகாசம் உண்டு என்பதால் உங்கள் 19 நாளுக்குள் கிடைக்காமல் போகலாம். இருந்தாலும் இன்றே கேட்டுவிடுங்கள். மறுஆய்விலும் முடிவு மாறாவிட்டால் அடுத்தது ஜுடீஷியல் ரிவ்யூ, அதாவது அந்த முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்ப்பது. அதை 3 மாதத்துக்குள், அங்குள்ள சொலிசிட்டர் (வழக்கறிஞர்) மூலம் தொடங்க வேண்டும். அப்போது இந்த அறிக்கை கையில் இருப்பது அவசியம்.

புது பாஸ்போர்ட் யோசனையை விட்டுவிடுங்கள். விசா மையத்தில் உங்கள் பத்து விரல் ரேகையும் பதிவாகியிருக்கிறது, பாஸ்போர்ட் மாறினாலும் அதை வைத்தே உங்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கனடா யோசனை இன்னும் ஆபத்து. பிரிட்டன் போட்ட தடை கனடாவைக் கட்டுப்படுத்தாது, அங்கே விண்ணப்பிக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் வேறெந்த நாடாவது விசா மறுத்ததா என்று அவர்கள் படிவத்திலேயே கேட்கிறார்கள். இல்லை என்று எழுதினால் அது உண்மைக்குப் புறம்பான தகவல், அதற்கு 5 ஆண்டுத் தடை. இந்த நாடுகள் தங்களுக்குள் விசாத் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். ‘ஆம்’ என்று எழுதி, மறுப்புக் கடிதத்தையும் உங்கள் விளக்கத்தையும் இணைத்து அனுப்புவதுதான் வழி.

பல்கலைக்கழகத்துக்கும் உடனே தெரியப்படுத்துங்கள். விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தந்து நீங்கள் பயன்படுத்திய சேர்க்கை உறுதி எண் (CAS) இனி செல்லாது, மறுபடி விண்ணப்பிக்க அவர்கள் புதிதாகத் தர வேண்டும். தங்கள் மாணவர்களில் எத்தனை பேருக்கு விசா மறுக்கப்படுகிறது என்பதை வைத்தே வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் பல்கலைக்கழகத்தின் உரிமம் கண்காணிக்கப்படுவதால் தயங்குவார்கள். மறுஆய்வு கேட்டிருக்கிறேன், சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவையுங்கள் என்று கேளுங்கள். முன்பணத்தைத் திருப்பித் தரும் விதியையும் படித்துவிடுங்கள். போலி ஆவணத்தால் விசா மறுக்கப்பட்டால் பணம் கிடையாது என்று பல இடங்களில் எழுதியிருக்கும். விசாக் கட்டணம் திரும்ப வராது, விசாவோடு சேர்த்துக் கட்டிய சுகாதாரக் கட்டணம் மட்டும் வந்துவிடும்.

ஏஜென்ட் இப்போது சமரசத்துக்கு வருவார். கொடுத்த பணத்தில் ஒரு பகுதியைத் தந்து, ‘எல்லா ஆவணங்களையும் நானே கொடுத்தேன்’ என்ற வரி உள்ள காகிதத்தில் கையெழுத்துக் கேட்கலாம். போடாதீர்கள், அந்த ஒரு வரி உங்கள் மனுவைக் காலி செய்துவிடும். நஷ்டத்துக்கு நுகர்வோர் வழக்கைப் பிறகு நிதானமாகப் போடலாம்.

மறுஆய்வில் மறுப்பு அப்படியே நின்று, ஏமாற்றினார் என்ற முடிவும் தடையும் மட்டும் நீங்கினாலும் உங்களுக்கு அது வெற்றிதான். புது விண்ணப்பத்தில் அப்பாவின் கணக்கையே காட்டலாம். பெற்றோர் பணம் செல்லும், பிறப்புச் சான்றிதழும் அப்பாவின் சம்மதக் கடிதமும் வேண்டும். பணம் தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருந்திருக்க வேண்டும், அந்த 28 நாளின் கடைசித் தேதி விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். அதுவரை அந்தக் கணக்கிலிருந்து எதையும் எடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவையுங்கள்.