மோட்டர் திருத்தத் தெரியும், பேச வராது

கேள்வி:

அன்புள்ள அக்கா, எனக்கு 27 வயது. தருமபுரத்தில் இருக்கிறேன். என்.வி.கியூ. தொழிற்தகைமையில் 4ஆம் மட்டம் முடித்துவிட்டு, கிளிநொச்சியில் நீர்ப்பம்பிகளும் சோலர் தொகுதிகளும் விற்றுப் பொருத்திக் கொடுக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் ஐந்து வருடமாக வேலை செய்கிறேன். யாராலும் திருத்த முடியாத மோட்டர் என்றால் என்னைத்தான் அனுப்புவார்கள். போன மாதம் கிளைப் பொறுப்பாளர் பதவி வந்தபோது, எனக்கு இரண்டு வருடம் பின்னால் சேர்ந்த தம்பிக்குக் கொடுத்துவிட்டார்கள். நான்தான் அவனுக்கு வேலை பழக்கினேன். அவனுக்கு வாய் இருக்கிறது, சிங்களமும் ஓடும், அவ்வளவுதான். விசுவமடுவில் தண்ணீர் ஏறவில்லை என்று கூப்பிட்ட ஒரு வீட்டுக்கு நான் மூன்று தரம் போய் சீல், கப்பாசிற்றர் எல்லாம் மாற்றிக் கொடுத்தேன். நாலாம் தரம் அவன் பின்னேரம் போய், வேலையால் வந்த அந்த வீட்டு அக்காவோடு இருந்து தேத்தண்ணி குடித்துக் கதைத்துவிட்டு, "பின்னேரத்தில் கிணறு இறங்கிவிடுகிறது, காலையில் இறைக்கச் சொன்னேன்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தான். மோட்டர்ப் பெட்டியைத் திறக்கவே இல்லை. அதற்குப் பிறகு அங்கிருந்து அழைப்பு இல்லை. அதிர்ஷ்டம் அவன் பக்கம். முன்னேற வேண்டும் என்றால் நானும் பந்தம் பிடிக்க வேண்டுமா?

- பெயர் வேண்டாம், தருமபுரம்

பதில்:

அன்புள்ள தம்பி, முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடம் உழைத்தவரை ஒதுக்கிவிட்டு இன்னொருவரை நியமிக்கும்போது, ஏன் என்று கூப்பிட்டுச் சொல்வது முகாமையாளரின் கடமை. அதை அவர் செய்யவில்லை. உங்களுக்குக் கோபம் வந்ததில் பிழையே இல்லை. பந்தமும் பிடிக்க வேண்டாம். அதைப் பிடித்து வருகிற பதவி, பிடிக்கிற கை ஓய்ந்ததும் போய்விடும்.

ஆனால் விசுவமடுக் கதையை அதிர்ஷ்டம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் என்னால் விட்டுப்போக முடியவில்லை. கரையில் வைத்த பம்பி எவ்வளவு ஆழத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். காற்றழுத்தம் தள்ளிக் கொடுத்தால்தான் தண்ணீர் ஏறும். கணக்குப்படி 33 அடி என்றாலும், நடைமுறையில் 25 அடியைத் தாண்டினால் எந்தப் புது மோட்டரும் திணறும். ஆடி, ஆவணியில் சுற்றியுள்ள தோட்டக்காரர் எல்லோரும் பகல் முழுக்க இறைத்தால், பின்னேரம் அந்தக் கிணற்றில் தண்ணீர் எங்கே நிற்கும்? நீங்கள் போனது காலையிலாக இருக்கும் என்று நினைக்கிறேன். இரவு ஊறின தண்ணீர் மேலே நிற்கும், மோட்டரும் ஒழுங்காக ஓடியிருக்கும். இருந்தும் எதையாவது மாற்ற வேண்டுமே என்று சீலை மாற்றினீர்கள், பிறகு கப்பாசிற்றரை மாற்றினீர்கள். காசு யாருடையது? அந்த அக்காவுடையது.

பழுது பெட்டிக்குள் இருக்கவில்லை. வேலைக்குப் போய்வருகிற ஒரு பெண் எந்த நேரத்தில் வீட்டுக்கு வருகிறாள், எப்போது ஆளியைப் போடுகிறாள் என்பதில் இருந்தது. அதை எந்த மீற்றரும் காட்டாது, அந்த அக்காவின் வாயிலிருந்துதான் வர வேண்டும். அந்தத் தம்பி தேத்தண்ணி குடித்தபடி செய்தது பழுது பார்க்கும் வேலை. ஆட்களோடு பழகத் தெரிவது தொழிலுக்கு வெளியே இருக்கும் ஒரு சாமர்த்தியம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உங்கள் தொழிலில் பாதி அதுதான் என்று நான் சொல்கிறேன். இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இது வன்னிக்கு மட்டும் உரிய விஷயமும் அல்ல. ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பொருளியலாளர் டேவிட் டெமிங் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று அமெரிக்க வேலைச் சந்தையைப் பார்த்தது. 1980க்கும் 2012க்கும் இடையில், ஆட்களோடு நிறையப் பழக வேண்டிய வேலைகளின் பங்கு கிட்டத்தட்ட 12 சதவீதப் புள்ளிகள் கூடியது. கணக்கும் நுட்பமும் நிறையத் தேவைப்பட்டு, ஆட்களோடு பழகத் தேவை குறைவாக இருந்த வேலைகளின் பங்கோ 3.3 புள்ளிகள் குறைந்தது. இரண்டு திறமையும் சேர்ந்து கேட்ட வேலைகளில்தான் சம்பளமும் நன்றாக ஏறியது. அமெரிக்கா வேறு, கிளிநொச்சி வேறு, சரி. ஆனால் நுட்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு தனியே நிற்பவருக்கு இடம் ஒடுங்கி வருகிறது என்பதை உங்கள் கிளையிலேயே பார்த்துவிட்டீர்கள்.

உங்கள் வயதையும் கணக்குப் பார்த்தேன். 2009இல் உங்களுக்குப் பத்து வயது அளவில் இருக்கும். நம்முடைய பிள்ளைகள் ஒரு தலைமுறையே "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, மிச்சம் கதைக்காதே" என்று கேட்டு வளர்ந்தது. சோதனைச் சாவடியிலும் முகாமிலும் அந்தப் புத்திதான் உயிரைக் காத்தது. அப்படி வளர்ந்தவர் கடையில் வாடிக்கையாளர் முன்னால் வாயடைத்து நின்றால், அதைக் குணக்கேடு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நீங்களும் உங்களை அப்படி நினைக்கக் கூடாது.

இன்னொன்று, நீங்கள் போகிற வீட்டில் இருப்பவர்களும் அதே காலத்தைக் கடந்து வந்தவர்கள். மீள்குடியேறிய நாளிலிருந்து பதிவு, கணக்கெடுப்பு, வீட்டுத்திட்டப் படிவம் என்று எத்தனை பேர் பேனையோடு வந்து அவர்களைக் கேள்வி கேட்டிருப்பார்கள்! நின்ற நிலையில் "எத்தனை மணிக்கு மோட்டர் போடுறனீங்கள்?" என்று கேட்டால், படிவத்துக்குச் சொல்கிற பதில்தான் வரும். "காலமையில போடுறது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அதே ஆளிடம், "அக்கா, வேலைக்குப் போய்வந்து தோட்டத்தையும் எப்பிடிப் பார்க்கிறீங்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அன்றாடம் என்ன நடக்கிறது என்பது முழுதாக வரும். அதற்குள் உங்களுக்கு வேண்டிய பதிலும் இருக்கும்.

இதற்கு நீங்கள் வாயாடியாக மாறத் தேவையில்லை. அமைதியானவர்கள் நல்லாகக் கேட்பார்கள், மற்றவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருப்பார்கள். அதிகம் பேசுகிறவர்களுக்கு இது லேசில் வராது. உங்களிடம் குறைவது தொடக்கம் மட்டும்தான். பெட்டியைத் திறக்க முன், கடைசியாக எப்போது ஒழுங்காக ஓடியது, வீட்டில் யார் அதைப் போடுவது என்று கேளுங்கள். போடுகிற ஆள் அந்த நேரம் வீட்டில் இல்லாவிட்டால், தொலைபேசியிலாவது அவரோடு கதைக்காமல் திருகாணியில் கை வைக்காதீர்கள். திருத்தி முடிந்ததும் நீங்களே ஆளியைப் போட்டுக் காட்டிவிட்டு வராமல், அவர் கையால் போடச் சொல்லி ஐந்து நிமிடம் பக்கத்தில் நில்லுங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று தெரியும். என்ன பழுது, ஏன் வந்தது என்பதை அம்மம்மாவுக்கும் விளங்குகிற மாதிரி இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டு வாருங்கள். மூன்றாவது வசனம் தேவையில்லை.

சிங்களம் பற்றி எழுதியிருந்தீர்கள். கொழும்புத் தலைமை அலுவலகத்தோடு நடக்கும் கூட்டங்களில் நீங்கள் வாய் திறக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம் என்றால், முழு மொழியையும் படித்து முடித்துத்தான் பேசுவேன் என்று காத்திருக்க வேண்டாம். உதிரிப்பாகம் வரவில்லை, எப்போது அனுப்புவீர்கள், இந்த மொடலில் இந்தக் குறை திரும்பத் திரும்ப வருகிறது: உங்கள் வேலைக்கு வேண்டிய வசனங்கள் இவ்வளவுதான், கொஞ்ச நாளில் பிடித்துவிடலாம். அந்தத் தம்பியிடமே கேட்டுப் பழகுங்கள். நீங்கள் அவருக்கு வேலை பழக்கினீர்கள், அவர் உங்களுக்கு மொழி பழக்கட்டும். நாளைக்கு அரச வேலை என்று யோசித்தாலும் இது வீண்போகாது. 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் இரண்டாம் அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறத்தான் வேண்டும்.

அவரை இனி எப்படிக் கூப்பிடுவது என்ற சங்கடமும் உங்களுக்கு இருக்கும். வாடிக்கையாளர் முன்னால், "பொறுப்பாளரிட்டக் கேட்டுச் சொல்லுறன்" என்று சொல்லுங்கள். தனியே இருக்கும்போது தம்பி என்றே கூப்பிடலாம், அவரும் அதைத்தான் விரும்புவார். தேத்தண்ணிக் கடையில் அவரைப் பற்றிக் கதைப்பதை மட்டும் இன்றோடு விடுங்கள். கிளிநொச்சி சின்ன ஊர், பின்னேரம் சொன்னது காலையில் கடைக்கு வந்துவிடும்.

அடுத்தது முகாமையாளர். அவரிடம் கட்டாயம் போய்க் கதையுங்கள். "அவனுக்கு ஏன் கொடுத்தீர்கள்?" என்று தொடங்கினால் அவர் தன் முடிவுக்கு வக்காலத்து வாங்கத்தான் பார்ப்பார். "அடுத்த கிளை திறக்கும்போது என் பெயரையும் பார்க்க வேண்டும் என்றால், நான் எதில் திருந்த வேண்டும்?" என்று கேளுங்கள். சொல்வதை அவர் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் திரும்ப வந்து காட்டுகிறேன் என்று ஒரு திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தெளிவான பதில் எதுவும் தராமல் மழுப்பினால், உங்கள் கைத்திறமைக்கு வவுனியாவிலும் மன்னாரிலும் கடைகள் இருக்கின்றன, தேடிப் பார்க்கலாம். ஆனால் எங்கே போனாலும் முதல் வாரமே இப்படி ஒரு வீட்டு வாசலில் போய் நிற்பீர்கள். அதனால் மேலே சொன்ன பழக்கத்தை இங்கேயே தொடங்கிவிடுங்கள். கதைக்கப் போகும் நாளையும் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். மாதக் கடைசியில், விற்பனைக் கணக்கு அனுப்புகிற அவசரத்தில் இருப்பவரிடம் போய் நிற்க வேண்டாம்.