கயிற்றைத் தளர்த்தும் நொடி

அன்புள்ள ஐயா,

வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டம் வைத்திருக்கிறேன். ஆடியில் அந்தியூர் சந்தையில் நாலு வயது கத்தியவார் இனப் பெண்குதிரை ஒன்றை வாங்கி வந்தேன். தீவனம் வைத்தால் தின்கிறது. கயிற்றோடு கிட்டே போனால் தலையைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு ஓடுகிறது. போன வாரம் இழுத்துப் பிடித்ததில் என் உள்ளங்கை கிழிந்துவிட்டது. ரெண்டு நாள் பட்டினி போட்டால் வழிக்கு வரும் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

சு., கோபி

அன்புள்ள சு.,

உங்கள் மனசு சொன்னதுதான் சரி. பட்டினி மட்டும் போடாதீர்கள். குதிரைக்கு இரைப்பை சிறியது. அதில் அமிலம் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அது நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மேய்கிறது. வெறும் வயிறாகப் போட்டால் இரைப்பையில் புண் வரும். அப்புறம், கால்நடை மருத்துவரிடம் பல், குளம்பு, முதுகு மூன்றையும் காட்டிவிடுங்கள். வலியோடு நிற்கும் குதிரைக்கு எந்தப் பழக்கமும் ஏறாது. கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். கிழிந்தது உள்ளங்கையோடு போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

இனி கொட்டகைக்குள் போவோம். நேர் எதிரே, கண்ணைப் பார்த்தபடி போகாதீர்கள். குதிரையின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட 350 பாகை வரை அதற்குத் தெரியும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் தெரியாது. தோளை நோக்கிச் சாய்வாக, மெதுவாக நடங்கள். கத்தியவார் குதிரையின் காது நுனிகள் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடும். அந்தக் காதுகளைப் பார்த்துக்கொண்டே போங்கள். அவை விறைத்து, கழுத்து உயரும் இடத்திலேயே நின்றுவிடுங்கள். அது ஓடும் வரை காத்திருக்க வேண்டாம். கழுத்து லேசாக இறங்கியதும் நீங்களே ரெண்டடி பின்வாங்குங்கள். நாம் பின்வாங்குவதுதான் அதற்கு நாம் தரும் பரிசு. பத்து நிமிடம் போதும். மறுநாள் இன்னும் ஒரு அடி கிட்டே நிற்க விடும்.

தொட விட்டதும் முகத்தைத் தடவாதீர்கள், தட்டிக் கொடுக்கவும் வேண்டாம். பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் விரல் நுனியால் சொறிந்து விடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் வருடிக்கொள்வது அந்த இடத்தில்தான். அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு இறங்குவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். மேலுதடு நீண்டு துடிக்கும், கண் பாதி மூடும். அதைப் பார்த்த பிறகு உங்களுக்கு இழுக்கவே கை வராது.

கயிறு கட்டிய பிறகு ஒரே ஒரு வேலை. ரெண்டு விரலால் கயிற்றில் மெல்லிய இழுப்புக் கொடுத்து, அப்படியே காத்திருங்கள். கால் எடுத்து வைக்க வேண்டும் என்றில்லை. உடம்பு எடை உங்கள் பக்கம் சாய்ந்த அந்த நொடியே தளர்த்துங்கள். குதிரைக்குப் புரிவது இழுப்பு அல்ல, இழுப்பு நின்ற நொடி. ரெண்டு நொடி தாமதித்துத் தளர்த்தினால், அந்த நேரத்தில் அது தலையை உதறியிருந்தால், உதறியதுதான் சரி என்று படித்துக்கொள்ளும். இடப்பக்கம் செய்வதையெல்லாம் வலப்பக்கமும் செய்யுங்கள்.

என்னிடம் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த ஆண்குதிரை ஒன்று இருந்தது. ஒருநாள் வீட்டில் சண்டை போட்டுவிட்டு லாயத்துக்குப் போனேன். குரலில் எதையும் காட்டவில்லை, அதே நடை என்றுதான் நினைத்தேன். அது என்னைப் பார்த்ததும் பின்பக்கத்தைத் திருப்பி நின்றுகொண்டது. வாசலில் உட்கார்ந்தேன். என் மூச்சு சீரான பிறகு அதுவே வந்து தோளில் மூக்கை வைத்தது.

பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை, குளம்பைத் தட்டி விடை சொல்லி, கணக்குப் போடுவதாகப் பேர் வாங்கியிருந்தது. 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியல் ஆய்வாளர் அதைச் சோதித்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது ஹான்ஸுக்கும் தெரியவில்லை. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் அசைவதைப் பார்த்துத்தான் அது குளம்பைத் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. அவ்வளவு சிறிய அசைவைப் படிக்கும் கண்ணின் முன்னால்தான் நீங்கள் தினமும் போய் நிற்கிறீர்கள்.

சேணம் இப்போது வேண்டாம். கை ஆறட்டும். ஒரு மாதம் கழித்து, நீங்கள் கயிற்றோடு உள்ளே போகும்போது அதன் காது எந்தப் பக்கம் இருக்கிறது என்று எழுதுங்கள்.